இரைச்சல் நீக்கம்

டெல்ஃபியா ஸ்டில்ட்னரின் நாடாக்கள்
மூன்று வாழைப்பழப் பெட்டிகளில்
நாக்ஸ்வில்லில் என் கடைக்கு வந்தன.
ஒன்றின்மேல் மாட்டு மருந்துக்கடை ரசீது ஒட்டியிருந்தது.
பிய்த்தால் அட்டை கிழியும், விட்டுவிட்டேன்.

புளூகிராஸ் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது.
என் வேலை பாட்டு அல்ல,
பாட்டில் இருக்கக்கூடாததை எடுப்பது:
ஊசிக் கீறல், மின்விசிறி, நாடாவின் சீறல்.
நிமிடத்துக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு.

ஐம்பத்தாறு.
வர்ஜீனிய மலையில் ஒரு வானொலி நிலையத்தின் பின்னறை.
ஒரே மைக், ஐந்து பேர்.
பாஞ்சோ முன்னால் வந்து கொட்டித் தீர்த்துவிட்டு
பக்கவாட்டில் விலக, ஃபிடில் நுழைய,
பலகைத் தரையில் பூட்ஸுகள் இடம் மாறுவது
பாட்டு நெடுகப் பதிந்திருக்கிறது.
அண்ணன் கார்பெட் கீழ்க்குரல், இவள் மேலே,
பச்சை மரத்தில் ரம்பம் இறங்குவதுபோல்.
மூன்றாம் சரணத்தில் வெளியே ஒரு நிலக்கரி லாரி
கியர் மாற்றுகிறது.
கம்பெனி அதையும் சேர்த்தே விற்றது.
லேபிளில் கார்பெட் பெயர் மட்டும்.
கூலி, இருபத்தைந்து இசைத்தட்டுகள்.
அதில் பதினொன்று கார் பின்சீட்டு வெயிலில்
அப்பளமாய் வளைந்தன.

அறுபத்து மூன்று, ஓஹியோ, டேட்டன்.
பிழைக்க மலையிறங்கிய பாதிச் சனம் அங்கேதான்.
குளிர்பெட்டிக் கதவுக்கு ரப்பர் பொருத்தினாள் பகலில்.
கார்பெட் கரியை விட்டு வரவில்லை;
வெள்ளி இரவு ஷிப்டு முடிந்து வண்டியெடுத்து
சனிக்கிழமை பாடிவிட்டுத் திரும்புவான்.
இம்முறை லேபிளில் இவள் பெயரும் உண்டு,
டெல்ஃபினா என்று.
ஆறு வருடம் ரசிகர் கடிதங்கள்
அந்த டெல்ஃபினாவுக்கே வந்தன.

அறுபத்தொன்பது, நாஷ்வில்.
கண்ணாடி அறையில் தனியே நிறுத்தி
காதில் ஹெட்போன் மாட்டி
"வயலின்கள் நாளைக்கு வரும்,
இருப்பதாக நினைத்துப் பாடு" என்றார்களாம்.
பாடியிருக்கிறாள். சுருதி சுத்தம்.
நான்கு பாட்டு, ஒன்றும் போணியாகவில்லை.
அந்த நாடாவில் எனக்கும் வேலையில்லை.

எழுபத்தாறு.
தேவாலயத்தின் நிலவறை, சொந்தக் காசு,
விழாக்களில் லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு
இவளே விற்ற கேசட்.
இங்கேதான் கை நின்றது.
வரியின் நடுவே ஒரு மூச்சு. இவளுடையது அல்ல.

பழைய தட்டுகளுக்குத் திரும்பிப்போய் எண்ணினேன்.
ஐம்பத்தாறில் கார்பெட்டுக்கு
இரண்டு வரிக்கு ஒரு மூச்சு போதும்.
அறுபத்து மூன்றில் வரிக்கு ஒன்று.
இதில் சொல்லே பாதியில் உடைகிறது.
உடையும் இடத்திலெல்லாம் இவள்
தன் சொல்லை நீட்டிப் பிடித்திருக்கிறாள்,
அவன் ஏறி வந்து சேரும்வரை.

பத்திரிகைகள் அதை ஸ்டில்ட்னர் இழுப்பு என்றன.
கரோலினாவில், மிசூரியில்
இளம் பாடகிகள் கண்ணாடிமுன் நின்று பழகினார்கள்.
இழுப்பு யாருடையது என்று
அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எண்பத்திரண்டு, கடைசி நாடா.
கீழ்க்குரல் இல்லை.
ஆனால் மைக்குக்கு எட்டிய தூரத்தில்
ஏதோ ஓர் இயந்திரம் புஸ்ஸென்று விட்டு
டக்கென்று நின்று
மறுபடி புஸ்ஸென்கிறது.
தாளத்தோடு ஒட்டவில்லை.
இவள்தான் அதோடு ஒட்டிப் பாடுகிறாள்.

அதைத் துடைக்க ஒரு மதியம் போதும்.
தொலைபேசியில் கேட்டேன்.
எண்பத்து மூன்று வயதுக் குரல், பின்னால் தொலைக்காட்சி.
"முதல் தட்டில் லாரி இருக்கா?"
இருக்கிறது என்றேன்.
"அப்ப அதுவும் இருக்கட்டும்."
வைத்துவிட்டாள்.

பில்லில் இரைச்சல் நீக்கம் என்ற வரியை
அடித்துவிட்டு அனுப்பினேன்.
சண்டை போட்டு முழுத்தொகைக்கும் செக் அனுப்பினாள்.
உடன் ஒரு துண்டுச் சீட்டு,
லாரிக்காரனுக்கும் சேர்த்து என்று எழுதி,
கீழே கையெழுத்து:
டெல்ஃபினா.